குரங்கணிக் காட்டுத்தீ, மார்ச் 2018: வாசலில் சொல்லியிருக்க வேண்டியவை

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீ பரவியது. கொழுக்குமலையில் இரவு தங்கிவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்த இரண்டு மலையேற்றக் குழுக்கள் அதில் சிக்கின. ஒன்று சென்னையிலிருந்து வந்த குழு. மற்றது ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் குழு. இரண்டிலும் சேர்த்து நாற்பதுக்குச் சற்றுக் குறைவான பேர். ஒன்பது பேர் சரிவிலேயே இறந்தார்கள். கடுமையான தீக்காயங்களோடு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொருவராக இறந்துபோனார்கள். மொத்தம் 23 உயிர்கள்.

தீயை வைத்தது யார் என்ற கேள்விதான் அப்போது எல்லார் வாயிலும் இருந்தது. நம் காடுகளில் கோடையில் மூளும் தீ ஏறக்குறைய எல்லாமே மனிதக் கையால் மூள்வது. புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ப்பவர் வைக்கும் தீ, தோட்டத்துச் சருகைக் கொளுத்தும்போது எல்லை தாண்டும் தீ, அணைக்காமல் எறிந்த பீடி, சமைத்துவிட்டு மண் போடாமல் விட்ட அடுப்பு. இதில் எது என்று கண்டுபிடிப்பது வழக்குக்கு வேண்டும். பாதையை நிர்வகிப்பவருக்கு அது இரண்டாவது வேலை. மார்ச் மாதத்தில் மலையில் ஏதோ ஒரு மூலையில் தீ இருக்கத்தான் செய்யும் என்று எடுத்துக்கொண்டே அவர் திட்டமிட வேண்டும். அதனால் இந்த ஆய்வு பிடித்துக்கொள்ளும் கேள்வி வேறு. தீக்காலத்தில், தீ மிக வேகமாக ஓடும் மணி நேரத்தில், தீ கீழிருந்து ஏறி வரும் சரிவில், இத்தனை பேர் எப்படி நின்றார்கள்? அங்கே நிற்பதற்கு முன் அவர்களுக்கு யார், எதை, எப்போது சொல்லியிருக்க வேண்டும்?

பாதை

குரங்கணி மலையடிவாரத்துச் சிற்றூர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கி, பிறகு போடிக்குப் போனது. அந்த ரயில்பாதை 1924 வெள்ளத்தில் அழிந்தது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற ஊர்ப்பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். தோட்டத் தொழிலாளிகளும் முதுவர் பழங்குடியினரும் ஏறி இறங்கிய தடங்களே பின்னாளில் மலையேற்றப் பாதைகள் ஆயின. பொழுதுபோக்குக்கு வருபவரை மனத்தில் வைத்து யாரும் வெட்டிய பாதைகள் அல்ல இவை. தடத்தை அறிந்தவர் நடந்த வரைக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

குரங்கணியிலிருந்து மேலே போக இரண்டு வழி. சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒன்று, கொழுக்குமலைக்கு இன்னொன்று. முதல் வழியில் இடையில் குடியிருப்பு உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு. கொழுக்குமலை வழியில் மேல்பகுதி திறந்த புல்சரிவு. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வேறுபாடு கொண்ட செங்குத்தான பாதை அது. மேலே கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். அங்கிருந்து கேரளத்துச் சூரியநெல்லிக்கு ஜீப் ஓடும் வழி இருக்கிறது. இந்த ஒரு தகவலை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் குழுக்களுக்குக் குரங்கணியில் கிடைத்த நுழைவுச் சீட்டு டாப் ஸ்டேஷன் பாதைக்கானது, கொழுக்குமலைப் பாதைக்கு அனுமதி கொடுக்கப்படவில்லை என்று வனத்துறை பின்னர் சொன்னது. பேச்சு இங்கே 'அனுமதி இல்லாமல் போனார்கள்' என்பதோடு முடிந்துவிடுவது வழக்கம். சட்டப்படி அது சரி. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படியே குற்றம். ஆனால் ஒரு சீட்டு என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். தொகை, தேதி, ஆள் எண்ணிக்கை, முத்திரை. வாங்கிப் பையில் வைப்பவருக்கு அது காட்டுக்குள் போகலாம் என்பதற்கான அடையாளம். எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, ஏன் மூடியிருக்கிறது, எத்தனை மணிக்குள் எந்த இடத்தைத் தாண்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் ஏறுவதில்லை. மேலே வழி பிரியும் இடத்தில் ஒரு காவலரோ கட்டையோ நிற்காவிட்டால், டாப் ஸ்டேஷன் சீட்டும் கொழுக்குமலைச் சீட்டும் ஒன்றுதான். காரணம் தெரியாத தடையை மனிதர் எளிதாகத் தாண்டிவிடுவார்கள். காரணம் தெரிந்தவர் தாமாகவே நிற்பார்.

சரிவு, புல், நேரம்

சமதரையில் தீ ஓடுவதற்கும் மலையில் ஓடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் உணர்வதில்லை. தீயணைப்புத் துறையினர் உலகெங்கும் கைக்கொள்ளும் ஒரு கணக்கு உண்டு. சரிவு 10 பாகை கூடும்போதெல்லாம், மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சமதரையில் மணிக்கு 2 கிலோமீட்டர் நகரும் தீ 10 பாகைச் சரிவில் 4, 20 பாகையில் 8, 30 பாகையில் 16 கிலோமீட்டர் வேகம் பிடிக்கும். அதே 30 பாகைச் சரிவில் பையைச் சுமந்துகொண்டு ஏறும் மனிதர் மணிக்கு 2 கிலோமீட்டர் போனாலே பெரிது. மேலே ஓடித் தப்பிக்கலாம் என்ற எண்ணம் கணக்கிலேயே தோற்றுவிடுகிறது.

காரணம் எளிது. சரிவில் எரியும் சுவாலை மேலே இருக்கும் புல்லை நோக்கிச் சாய்கிறது. தீ தொடும் முன்பே அந்தப் புல் வெப்பத்தில் காய்ந்து தயாராகிவிடுகிறது. பகலில் வெயில் ஏறஏறச் சரிவை ஒட்டிய காற்று சூடாகி மேல்நோக்கி வீசும். அது தீயைப் பின்னாலிருந்து தள்ளும். முற்பகல் முடியும்போது இந்தக் காற்று வலுக்கத் தொடங்கி, பிற்பகலில் உச்சத்தில் இருக்கும். அந்தி சாய்ந்த பிறகு திசை மாறிக் கீழ்நோக்கி வீசும். ஆக ஒரே சரிவு காலை ஏழு மணிக்கு ஒரு இடம், பிற்பகல் இரண்டு மணிக்கு வேறு இடம்.

இனி எரிபொருள். வடகிழக்குப் பருவமழை நின்று இரண்டு மாதம் ஆனால் இந்த மலைகளின் புல் நுனியிலிருந்து காய்ந்து வெளுக்கும். ஆளுயரப் புல், நடுவில் எலுமிச்சைப்புல் இனங்கள். அவற்றின் இலையில் எண்ணெய் இருப்பதால் பற்றினால் சடசடவென எரியும். மரக்கட்டை எரிய நேரமாகும், புல்லுக்கு அந்த அவகாசமும் வேண்டாம். காய்ந்த புல்லின் ஈரப்பதம் காற்றின் ஈரப்பதத்தோடு மணிக்கு மணி மாறும். காலைப் பனியில் நனைந்து கிடக்கும் புல் பத்து மணி வெயிலுக்கே பொரிந்து போகும். "காலையில் இந்த வழியாகத்தான் வந்தோம், ஒன்றும் இல்லையே" என்ற பேச்சு அதனால்தான் நம்பத்தக்கதல்ல.

இறங்குபவரின் நிலை இன்னும் மோசம். அதிகாலையில் கிளம்பி ஏறும் குழு வெயில் உச்சத்துக்கு முன் புல்சரிவைத் தாண்டிவிடும். மேலே தங்கிவிட்டு மறுநாள் சாவகாசமாகக் கிளம்பும் குழு, வெயில் உச்சத்தில் புல்சரிவின் நடுவில் இருக்கும். கீழே தீ மூண்டால் அவர்கள் தீயை நோக்கி நடக்கிறார்கள், தீ அவர்களை நோக்கி ஏறுகிறது. ஒத்தமரம் என்று அழைக்கப்படும் பகுதியில் குரங்கணிக் குழுக்கள் மாட்டிக்கொண்டது இப்படித்தான். புகை கண்ணை மறைத்தது. குழு சிதறியது. ஓடியவர்களில் பலர் பள்ளத்தில் விழுந்தார்கள். மலைமடிப்பும் ஓடைப்பள்ளமும் ஒளிய இடம் போலத் தோன்றும். உண்மையில் அவை புகைபோக்கி போல வேலை செய்யும். சூடான காற்றும் சுவாலையும் அந்தக் குறுகிய வழியாகத்தான் முதலில் மேலே இழுக்கப்படும். தண்ணீர் இல்லாத ஓடைக்குள் இறங்குவது, தெரியாமல் அடுப்புக்குள் இறங்குவது.

சூரியநெல்லி ஜீப் வழி இங்கேதான் முக்கியமாகிறது. மலையின் மறுபக்கம் வண்டியில் வெளியேறும் வாய்ப்பு கொழுக்குமலையில் இருந்தது. கீழே புகை தெரிந்தாலோ, கிளம்ப நேரமாகிவிட்டாலோ, இறங்கும் திட்டத்தைக் கைவிட்டு ஜீப் பிடிக்க வேண்டும் என்ற மாற்றுத்திட்டம் ஒவ்வொரு குழுவின் கையிலும் இருக்க வேண்டிய தகவல். வண்டி காத்திருப்பது குரங்கணியில், திரும்பும் பேருந்து போடியில், திங்கட்கிழமை அலுவலகம். இவை எல்லாம் சேர்ந்து மனிதரைத் திட்டமிட்ட பாதையிலேயே பிடித்து இழுக்கும். அந்த இழுப்பை மீறி முடிவை மாற்ற, முன்பே எழுதி வைத்த ஒரு நேர எல்லை வேண்டும். 'பத்து மணிக்குள் தோட்டத்தை விட்டு இறங்கத் தொடங்காவிட்டால் இறக்கம் கிடையாது' என்பது போல ஒரு வரி போதும்.

மீட்பு எங்கே தாமதித்தது

முதலில் மேலே போனவர்கள் ஊர்க்காரர்கள். தீயணைப்பு வண்டி போகாத மலையில் டோலி கட்டித்தான் காயம்பட்டவர்களைச் சுமக்க முடியும். சீருடைப் படைகள் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. விமானப்படை ஹெலிகாப்டர்களும் கருட் கமாண்டோக்களும் வந்தார்கள், ஆனால் செங்குத்துச் சரிவில் இரவில் ஹெலிகாப்டரால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். தீக்காயத்துக்கு முதல் சில மணி நேரம் மிக முக்கியம். உடலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்தால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து உடல் வற்றத் தொடங்கும். நரம்பு வழியே திரவம் ஏற்றாமல் நேரம் போகப்போகச் சிறுநீரகம் பாதிக்கும். கைப்பேசிச் சிக்னல் அங்கங்கே மட்டும் கிடைக்கும் மலையில், போடி மருத்துவமனைக்கு வருவதே பெரும்பாடு. தீக்காயத்துக்கென்று தனிப்பிரிவு உள்ள மருத்துவமனை அதற்கும் அப்பால்.

எச்சரிக்கை ஏற்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தீப்புள்ளிகளைக் கண்டறிந்து வனத்துறையினருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பாதையில் நிற்பவரைக் காப்பாற்ற அதை மட்டும் நம்பக் கூடாது. 375 மீட்டர் துல்லியத்தில் பார்க்கும் கருவியைச் சுமந்த செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் அதிகாலை ஒன்றரை மணியை ஒட்டியும்தான். அது கடந்துபோன பிறகு மூளும் தீ, அடுத்த சுற்று வரை அதன் கண்ணில் படாது. படம் தரையிறங்கிச் செய்தியாக மாறவும் நேரம் பிடிக்கும். மேலே ஒரு முகட்டில் வாக்கி-டாக்கியோடு உட்கார்ந்திருக்கும் தீக்காவலர் ஒருவர் இதைவிட விரைவாகச் சொல்லிவிடுவார்.

பின்னர் வந்த மாற்றங்கள்

மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் தலைமையில் விசாரணை நடந்தது. அதே 2018-இல் தமிழ்நாட்டு வனப்பகுதிகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் வனத்துறையும் சேர்ந்து 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தன. இணையத்தில் முன்பதிவு, ஒவ்வொரு குழுவோடும் பயிற்சி பெற்ற வழிகாட்டி. வழிகாட்டிகள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள், பழங்குடி இளைஞர்கள். தேனிப் பட்டியலில் குரங்கணி–சாம்பலாறு பாதையும் இருக்கிறது. தீக்காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகள் மூடப்படுகின்றன.

இவற்றில் மிகப் பெரிய மாற்றம் வழிகாட்டி கட்டாயம் என்பதுதான். முன்பு சீட்டோடு முடிந்த உறவு இப்போது நாள் முழுவதும் கூடவே நடக்கிறது. தன் ஊர் மலையைத் தன் மொழியில் சொல்லத் தெரிந்த ஒருவர் குழுவில் இருப்பதற்கு, எத்தனை பலகை நட்டாலும் ஈடாகாது.

தேதி வைத்து மூடுவதில் ஒரு பலவீனம் உண்டு. புல்லுக்கு நாட்காட்டி தெரியாது. வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் சனவரிக் கடைசியிலேயே சரிவு வெளுத்துவிடும். கோடைமழை தள்ளிப்போனால் ஏப்ரல் 20-ஆம் தேதிப் புல்லும் மார்ச்சுப் புல்லும் ஒன்றே. தேதி ஒரு வேலி. அதற்கு வெளியே, ஒவ்வொரு நாள் காலையும் திறக்கலாமா வேண்டாமா என்ற முடிவு வாசலில் எடுக்கப்பட வேண்டும். எடுக்கும் அதிகாரம் அந்த வாசலில் நிற்கும் வனவருக்கோ வழிகாட்டிக்கோ இருக்க வேண்டும். முன்பதிவுப் பணம் திரும்பக் கிடைக்காது என்று இருந்தால், வாசலில் வாக்குவாதம் நடக்கும், கடைசியில் கதவு திறக்கும். 'தீ அபாயத்தால் மூடினால் முழுப் பணமும் திரும்பும்' என்று முன்பதிவுப் பக்கத்திலேயே எழுதி வைப்பது, பார்ப்பதற்குக் கணக்கு விஷயம். நடைமுறையில் உயிர் விஷயம்.

வாசலில் கால் மணி நேரம்

பயணிக்குக் காட்டை விளக்கிச் சொல்வது என்றாலே பறவைப்பெயரும் மூலிகையும் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பாதுகாப்பு விதிகளைத் தனியே, ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது சொல்லி முடித்துவிடுகிறோம். கையெழுத்துப் போடுபவர் படிப்பதில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டும் மனத்தில் நிற்கும். கீழே சொல்வது பதினைந்து நிமிடத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்குச் செய்யக்கூடியது.

வழிகாட்டி பாதையோரத்துப் புல்லில் ஒரு பிடி பிடுங்கி ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். புல்லின் தாளை மடக்கச் சொல்லுங்கள். பச்சையாக வளைந்தால் ஈரம் இருக்கிறது. 'டிக்' என்று ஒடிந்தால் அது விறகு. உள்ளங்கையில் கசக்கினால் பொடியாகிறதா? எலுமிச்சை வாசம் வருகிறதா? வந்தால் அந்த வாசமே எண்ணெய். 'நாம் இன்று இரண்டு மணி நேரம் இதற்குள் நடக்கப்போகிறோம்' என்று அப்போது சொன்னால், தீப்பெட்டி கொண்டுவராதே என்று தனியே சொல்ல வேண்டிய தேவை குறையும். பையில் இருக்கும் லைட்டரைத் தாமே எடுத்துக் கொடுப்பார்கள்.

பிறகு ஒரு சிட்டிகை மண்ணை மேலே தூவிக் காற்றைக் காட்ட வேண்டும். இப்போது எந்தப் பக்கம் போகிறது, பதினொரு மணிக்கு மேல் எந்தப் பக்கம் போகும், அப்போது நாம் எங்கே இருக்க வேண்டும். இதிலிருந்து நேர அட்டவணை தானாகப் பிறக்கும். ஆறு மணிக்குக் கிளம்புவது, பதினொரு மணிக்குள் புல்சரிவைத் தாண்டுவது, தாண்டாவிட்டால் எந்த இடமாக இருந்தாலும் திரும்புவது. மூச்சு வாங்குபவர் ஒருவர் இருந்தால் குழுவின் வேகம் அவர் வேகம்தான். அவரை விட்டுவிட்டு முன்னால் போவது, புகை வந்த நேரத்தில் குழுவை இரண்டாக உடைக்கும்.

மூன்றாவதாக, ஒதுங்கும் இடங்கள். வாசலில் உள்ள வரைபடத்தில் பாதை நெடுகிலும் இவற்றைக் குறித்திருக்க வேண்டும்: அகன்ற வெறும்பாறை, நீர் ஓடும் அகலமான ஆற்றுப்படுகை, பச்சைத் தேயிலைப் பாத்தி, ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம். எவ்வளவு பெரிய இடம் போதும்? சமதரையில், சுவாலை உயரத்தைப் போல நான்கு மடங்காவது தீக்கும் மனிதருக்கும் இடைவெளி வேண்டும் என்பது காட்டுத்தீ ஆய்வுகள் தந்த கணக்கு. நான்கு மீட்டர் சுவாலைக்குப் பதினாறு மீட்டர், எல்லாப் பக்கமும். சரிவிலும் காற்றிலும் அதைவிட அதிகம். ஒருவர் ஏறி நிற்கும் அளவுள்ள பாறை இதில் சேராது. குழு நடக்கும்போது வழிகாட்டி ஒவ்வொரு அரை மணிக்கும் நின்று, "இப்போது தீ வந்தால் எங்கே போவோம்?" என்று கேட்டுப் பயணிகளையே கைகாட்டச் சொல்ல வேண்டும். முதல் முறை யாரும் காட்டமாட்டார்கள். மூன்றாவது முறை கேட்கும் முன்பே காட்டுவார்கள். இதைவிட நல்ல காட்டுப் பாடம் தெரியவில்லை. நிலத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதானே வேலை.

உடை. பாலியெஸ்டர் 250 பாகை செல்சியஸை ஒட்டி உருகும், நைலான் வகைகளில் சில அதற்கும் கீழேயே. உருகினால் தோலோடு ஒட்டும், உரிக்க முடியாது. விளையாட்டு உடை என்று கடைகளில் விற்பதெல்லாம் பெரும்பாலும் இந்த இழைதான். தீக்காலத்தை ஒட்டிய மாதங்களில் கனமான பருத்திச் சட்டை முழுக்கை, பருத்திக் கால்சட்டை, தோல் காலணி என்று முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். வாசலில் வந்த பிறகு சொன்னால் மாற்றுடைக்கு எங்கே போவார்கள்?

வழிகாட்டி ஒருவர் போதாது. முன்னால் ஒருவர், வாலில் ஒருவர். இருவர் கையிலும் வாக்கி-டாக்கி, ஒரே அலைவரிசை, அடிவாரத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு ஆள். குறித்த இடங்களில் குறித்த நேரத்தில் 'கடந்தோம்' என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய நேரத்துக்கு அரை மணி தாண்டினால் அடிவாரத்திலிருந்து ஆள் கிளம்ப வேண்டும். காத்திருந்து பார்ப்போம் என்ற பேச்சு கூடாது. ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை என்ற எண்ணிக்கை பேரேட்டில் அன்று மாலையே நேராக வேண்டும். குரங்கணியில் எத்தனை பேர் மலையில் இருந்தார்கள் என்பதிலேயே முதல் நாள் செய்திகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. தேடுபவருக்கு எண்ணிக்கை தெரியாவிட்டால் தேடலை எப்போது நிறுத்துவது என்பதும் தெரியாது.

பலகைகளைப் பற்றிச் சுருக்கமாக. 'காட்டுக்குத் தீ வைப்பது தண்டனைக்குரிய குற்றம்' என்ற பலகை எல்லா வாசலிலும் இருக்கிறது. அது தீ வைப்பவரிடம் பேசுகிறது. தீயில் மாட்டக்கூடியவரிடம் பேசும் பலகை அரிது. வழி பிரியும் இடத்தில் 'இந்தப் பாதை மூடப்பட்டது' என்று மட்டும் எழுதாமல், 'மேலே 3 கிலோமீட்டர் காய்ந்த புல், ஒதுங்க இடம் இல்லை, அதனால் மூடியிருக்கிறோம்' என்று எழுதினால் படிப்பவர் நிற்பார். கிலோமீட்டர் கணக்கை அந்தந்தப் பாதைக்கு அளந்து எழுத வேண்டும். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டும். இந்த மலைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வருகிறார்கள்.

தீ கண்ணில் பட்டுவிட்டால்

புகை தெரிந்த உடனே குழு ஒன்றுசேர வேண்டும், பேர் எண்ண வேண்டும். புகை எந்தத் திசையில் சாய்கிறது என்று பார்த்து, சரிவுக்குக் குறுக்கே, தீயின் பக்கவாட்டை நோக்கி நகர வேண்டும். மேல்நோக்கி ஓடக் கூடாது. எரிந்து முடிந்த கருநிலம் கிடைத்தால் அதுதான் மிகப் பாதுகாப்பான இடம். அங்கே மறுபடி எரிய ஒன்றும் இல்லை. அடுப்பு எரிவாயுக் குப்பி, கைச்சுத்திகரிப்புத் திரவம் இருந்தால் தூர எறிய வேண்டும். பையின் சுமை ஓட்டத்தைத் தடுத்தால் அதையும் விட்டுவிடலாம், தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு.

ஒதுங்க இடமே இல்லாமல் தீ நெருங்கிவிட்டால் கடைசி வழி ஒன்று. புல் குறைந்த இடத்தில், முடிந்தால் காலால் சருகை ஒதுக்கி மண்ணைத் திறந்து, கால் தீயின் பக்கம் இருக்கக் குப்புறப் படுத்து, முகத்தை மண்ணோடு அணைத்து, கம்பளியோ கனத்த பருத்தித் துணியோ மேலே போட்டுக்கொள்வது. புல்தீயின் முன்வரிசை ஓரிடத்தைக் கடக்க ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஆகும். அந்த ஒரு நிமிடம் எழுந்து ஓடாமல் இருப்பதும், சூடான காற்றை உள்ளிழுக்காமல் தரையோடு மூச்சுவிடுவதும்தான் உயிரைப் பிடித்து வைக்கும். எழுதுவது எளிது, செய்வது மிகக் கடினம் என்பதால்தான் இந்த நிலைமை வராமல் காலையிலேயே முடிவெடுக்கச் சொல்கிறோம்.

வெந்த இடத்தில் ஓடும் தண்ணீரை இருபது நிமிடம் ஊற்ற வேண்டும். ஐஸ் கூடாது. பற்பசை, பேனா மை, மஞ்சள், மாவு எதுவும் கூடாது. மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். மோதிரம், கைக்கடிகாரம், வளையலை வீக்கம் வரும் முன் கழற்ற வேண்டும். ஒட்டிய துணியை உரிக்காமல் சுற்றிலும் வெட்ட வேண்டும். காயம் பெரிதாக இருந்தால் உடல் முழுவதும் நனைக்காமல், சுத்தமான துணியால் மூடிப் போர்வையால் கதகதப்பாக வைக்க வேண்டும். காயத்தின் அளவைத் தொலைபேசியில் சொல்லத் தெரிவது பெரிய உதவி. காயம்பட்டவரின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, அவர் உடலில் ஒரு விழுக்காடு. ஒரு கை முழுதும் ஒன்பது. ஒரு கால் முழுதும் பதினெட்டு. 'கை வெந்துவிட்டது' என்று சொல்வதைவிட 'இருபது விழுக்காடு இருக்கும், முகத்தில் புகைக்கரி இருக்கிறது, குரல் கம்முகிறது' என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவர் எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில் என்று உடனே முடிவு செய்வார். குரல் கம்முவது மூச்சுக்குழல் வெந்திருக்கிறது என்பதன் அறிகுறி. மற்றவர்களுக்கு முன் அவரைத்தான் டோலியில் ஏற்ற வேண்டும்.

ஏப்ரல் 15-க்குப் பிறகு மறுபடி திறக்கும் காலையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பாதையின் புல்சரிவில் கீழே, நடுவே, மேலே என்று மூன்று இடங்களில், வெயில் ஏறிய பிறகு, ஒரு பிடிப் புல்லைப் பிடுங்கி ஒடித்துப் பார்ப்பது. மூன்றில் ஒன்று 'டிக்' என்றாலும் அன்றைக்குக் கதவு திறக்கக் கூடாது. அடுத்த மழை வரட்டும்.